பாக் விரிகுடாவில் பாய் விரிப்பவர்களுக்கு: காற்று கைமாறும் நேரம்

தேவிபட்டினத்திலோ தொண்டியிலோ மார்ச் மாத விடியற்காலையில் கடலைப் பார்த்து நின்றால் காற்று முதுகில் படும். அதே இடத்தில் மதியம் இரண்டு மணிக்குப் போய் நில்லுங்கள், முகத்தில் அடிக்கும், சட்டைக் காலர் படபடக்கும், பக்கத்தில் நிற்பவர் பேசுவது சரியாகக் காதில் விழாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு நேரத்தில் காற்று கைமாறுகிறது. அந்த நேரம் எது, அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன நடக்கும் என்பது பிடிபட்டுவிட்டால் பாக் விரிகுடாவில் சின்னப் பாய்ப்படகு ஓட்டுவதில் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி கைப்பழக்கம், அதை எழுதிச் சொல்லிக் கொடுக்க முடியாது.

சின்னப் படகு என்று நான் சொல்வது ஒருவர் இருவர் ஓட்டும் டிங்கி, பாய் கட்டிய கயாக், விண்ட்சர்ஃபிங் பலகை மாதிரியானவை. எஞ்சின் இருந்தால் காற்று ஏமாற்றினாலும் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்து வந்துவிடலாம், பாய் மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. எஞ்சின் வருவதற்கு முன்னால் இந்தக் கரையில் எல்லாரும் அப்படித்தான் தொழில் பார்த்தார்கள்: இருட்டோடு கரைக்காற்றில் பாய் விரித்து வெளியே போவது, வலையை முடித்துக்கொண்டு பகலில் கடல்காற்றில் வீடு திரும்புவது. தொண்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்னமும் திருவிழாவை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள், ஆனால் படகுகளைப் பார்ப்பதற்கு முன்னால் போட்டி தொடங்கும்வரை அந்த ஆட்கள் எங்கே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

காரணம் பள்ளியில் படித்ததுதான். வெயிலில் நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்தின் மேல் காற்று சூடாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வரும். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் தலைகீழாக நடக்கும். ஆனால் பள்ளிப் புத்தகத்தில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: இந்த நாள்காற்று தனியாக வீசுவதில்லை, அதன் கூடவே பருவக்காற்று என்ற பெரிய காற்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே பக்கமிருந்து வந்தால் கூட்டல், எதிரெதிராக வந்தால் கழித்தல். பாக் விரிகுடாவில் ஒரு நாளின் காற்று என்பது இந்தக் கூட்டல் கழித்தலின் விடைதான்.

மாதம் என்ன, எந்தக் கரை

தோராயமாக அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வாடை. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மேற்கு, தென்மேற்கிலிருந்து கச்சான். ராமேஸ்வரம் பக்கம் அது இன்னும் தெற்கே சாய்ந்து சோழகமாக வரும். நடுவில் மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர் முதல் பாதியிலும் பருவக்காற்று ஓய்ந்திருக்கும். நாள்காற்று தெளிவாகத் தெரிவது அப்போதுதான், புதிதாகக் கற்பவர்களுக்கு நான் சொல்வது மார்ச் மாதம். அக்டோபரில் இடி மழை குறுக்கே வந்து தொந்தரவு செய்யும்.

அப்புறம் கரை. விரிகுடாவின் கரை ஒரே நேர்கோடு இல்லை என்பதை வரைபடத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கோடியக்கரையிலிருந்து அதிராம்பட்டினம் வரை கரை தெற்கே பார்த்துக் கிடக்கிறது. சேதுபாவாசத்திரம், கோட்டைப்பட்டினம், தொண்டி, தேவிபட்டினம் என்று இறங்க இறங்கக் கிழக்கையும் தென்கிழக்கையும் பார்க்கும். மண்டபத்தில் திரும்பி வடக்கே பார்க்கும். கடல்காற்று ஏறக்குறைய கரைக்குக் குறுக்காக உள்ளே வரும் என்பதால் ஒரே நாள் மதியத்தில் அதிராம்பட்டினத்தில் தெற்கிலிருந்தும் தொண்டியில் கிழக்கிலிருந்தும் வீசும். தொண்டி நண்பர் போனில் சொன்ன காற்றை நம்பி அதிராம்பட்டினத்தில் திட்டம் போடாதீர்கள்.

மண்டபம், ராமேஸ்வரம் கதை தனி. அங்கே நிலம் ஒரு மெல்லிய துண்டு, வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடகரையில் நின்றுகொண்டு வடக்கிலிருந்து நல்ல கடல்காற்று வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான், ஏனென்றால் அத்தனை சிறிய நிலம் சூடாகி இழுக்கிற காற்று பெரிதாக இருக்காது. ராமநாதபுரம் உள்நாட்டுச் சூடுதான் காற்றை இழுக்கிறது, அதற்கு வரும் காற்று பெரும்பாலும் மன்னார்ப் பக்கமிருந்து நிலத்தைத் தாண்டி வரும்.

மார்ச் மாதத்து ஒரு நாள், தேவிபட்டினம்

விடியற்காலை ஐந்திலிருந்து எட்டு மணி வரை கரைக்காற்று. மெல்லியது, நான்கைந்து நாட் இருந்தால் அதிகம் (1 நாட் என்றால் மணிக்கு 1.85 கி.மீ.). கரைக்குப் பக்கத்தில் கடல் வழவழவென்று இருக்கும், புதியவர்கள் படகைத் தள்ளி ஏறுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் வெளியே போகப் போகக் கரைக்காற்று மெலியும். போவது சுகமாக இருக்கிறதே என்று போய்க்கொண்டே இருந்தால் ஏதோ ஒரு இடத்தில் அது உங்களை விட்டுவிடும். துடுப்புப் போட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பி வரக்கூடிய தூரம், அதற்கு மேல் வேண்டாம். பாய்ப்படகில் எதற்குத் துடுப்பு என்று கேட்பவரைத் தயவுசெய்து கூட அழைத்துப் போகாதீர்கள்.

எட்டரை, ஒன்பது வாக்கில் காற்று தடுமாறும். பாய்மரத்தின் பக்கவாட்டுக் கயிற்றில் பழைய கேசட் நாடாவிலோ மெல்லிய பாலிதீனிலோ ஒரு சாண் கட்டித் தொங்கவிடுங்கள், இந்த நேரத்தில் உங்களுக்கு அதைவிட நல்ல கருவி வேண்டாம். காலையில் அது கடலைக் காட்டிக்கொண்டிருந்தது, இப்போது தொங்கும், லேசாக எழும்பும், கரையைக் காட்டும், மறுபடியும் தொங்கும். கடைசியில் அசையாது. கடல் எண்ணெய் ஊற்றியது மாதிரி ஆகிவிடும். வெயில் உறைக்க ஆரம்பிக்கும், ஈ வந்து உட்காரும், பாய் தன் எடையிலேயே தொய்ந்து அசைந்த பக்கமெல்லாம் மரத்தில் தட்டும். ஒரு மணி நேரம் இப்படியே போகலாம். பொறுமையில்லாதவர்கள் இந்த நேரத்தில்தான் "இன்னைக்குக் காற்றே இல்லை" என்று முடிவு கட்டிவிட்டு, நங்கூரத்தைப் போட்டுத் தூங்கவோ பாயைக் கண்டபடி கட்டிவைக்கவோ செய்கிறார்கள். செய்ய வேண்டியது வேறு: லைஃப் ஜாக்கெட் வாரை இறுக்குங்கள், தண்ணீர் குடியுங்கள், படகில் கிடக்கும் சாமான்களைக் கட்டுங்கள், பாயைச் சுருக்குவதற்கான கயிறு சிக்கில்லாமல் இருக்கிறதா பாருங்கள். பிறகு கிழக்கே பாருங்கள்.

அடிவானத்துக்கு இப்பால் கடல் மீது கருநீலத்தில் ஒரு கோடு தெரியும். அதற்கு இந்தப் பக்கம் பளபளப்பு, அந்தப் பக்கம் சொரசொரப்பு. அதுதான் கடல்காற்றின் முன்விளிம்பு. உங்களுக்கு வெளியே ஏதாவது பாய்ப்படகு இருந்தால் முதலில் அதன் பாய் புடைக்கும். நாட்டுப்படகுகளில் கட்டியிருக்கும் கொடிகள் ஒவ்வொன்றாக எழும்பிக் கரையை நோக்கிப் பறக்கும். மார்ச்சில் தெளிவான வெயில் நாளில் இது பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் கரைக்கு வந்துவிடும். முந்தின இரவு மழை பெய்து நிலம் நனைந்திருந்தாலோ காலையில் மேகம் மூடியிருந்தாலோ தாமதமாகும், சில நாள் வரவே வராது. வந்தவுடன் உடம்புக்கே தெரியும், வெக்கை சட்டென்று இறங்கும்.

வந்த முதல் அரை மணி நேரம் அருமையான காற்று: ஆறேழு நாட், ஒரே சீர், அலை இன்னும் எழும்பவில்லை. பயிற்சி எடுப்பதானால் இந்த நேரத்தை விடாதீர்கள். ஒரு மணிக்குமேல் ஏறிக்கொண்டே போய், இரண்டிலிருந்து நான்குக்குள் உச்சம் தொடும், பன்னிரண்டு பதினைந்து நாட் சாதாரணம். விரிகுடாவில் ஆழம் குறைவு, பெரும்பகுதியில் 15 மீட்டர் கூட இருக்காது. அதனால் அலை உயரமாக எழும்பாவிட்டாலும் குட்டையாக, நெருக்கமாக, செங்குத்தாக வரும். ஒன்றிலிருந்து நிமிர்வதற்குள் அடுத்தது அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில் அறையும். இரண்டு மணிக்குள் கரைக்கு வந்துவிடுங்கள் என்று சொல்வது இதனால்தான். காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருவதால் கரை வேகமாகக் கிட்டே வரும், முழுப்பாயோடு மணலில் ஏற வேண்டாம், கொஞ்சம் முன்னாலேயே அணியத்தைக் காற்றுக்குத் திருப்பிப் பாயை இறக்கிவிட்டு மீதித் தூரம் துடுப்பில் வாருங்கள்.

சூரியன் சாயச் சாயக் காற்று தளரும், இருட்டிய பிறகு இன்னும் குறையும். கரைக்காற்று மறுபடி தலைகாட்ட இரவு பத்து, பதினொன்று ஆகிவிடும்.

ஐரோப்பியப் பாய்ப்படகுப் புத்தகங்களில் கடல்காற்று மாலைக்குள் நன்றாக வலப்பக்கம் திரும்பிவிடும் என்று படித்திருப்பீர்கள். பூமி சுழல்வதால் வரும் விளைவு அது, நமக்கும் பொருந்தும்: கிழக்கில் தொடங்கியது மாலையில் தென்கிழக்காகலாம். ஆனால் நாம் இருப்பது 9, 10 டிகிரி அகலாங்கில், நிலநடுக்கோட்டுக்குக் கிட்டத்தில், அதனால் அந்தத் திருப்பம் இங்கே கொஞ்சம்தான். புத்தகத்தை நம்பித் திரும்பும் பாதையைப் போட்டுவிடாதீர்கள்.

கச்சான் காலம்

இந்த மாதங்களில்தான் தொண்டிக் கரையில் மிகுந்த கவனம் வேண்டும். கச்சான் நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. கரையில் நின்று பார்த்தால் கடல் குளம் மாதிரி தெரியும், அலையே இருக்காது, ஏனென்றால் அலை எழும்ப அங்கே தூரம் போதாது. அந்த அமைதியைப் பார்த்து ஏறினால் ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் காற்றின் உண்மையான பலம் தெரியும், அப்போது வீடு இருப்பது எதிர்காற்றில்.

காலை ஒன்பது, பத்து மணிக்குக் கச்சான் திடீரென்று பலக்கும். காரணம் விசித்திரமானது: இரவெல்லாம் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலே வேகமாக ஓடும் காற்றோடு கலக்காமல் படுத்திருக்கும், வெயில் ஏறித் தரை சூடானதும் கலக்கிவிடும், மேல்காற்று கீழே இறங்கும். ஆகவே காலை ஏழு மணி அமைதியை வைத்து நாளை எடைபோடக் கூடாது. மதியம் கடல்காற்று கச்சானை எதிர்த்து வரப் பார்க்கும். கச்சான் பலமாக இருந்தால் அது வரவே முடியாது. நடுத்தரமாக இருந்தால் ஒன்று இரண்டு மணிக்கு இரண்டும் ஒன்றையொன்று அணைத்துவிட்டு வெறும் வெக்கை நிற்கும், அப்புறம் கொஞ்ச நேரம் கிழக்குக் காற்று, மாலையில் மறுபடி கச்சான். அந்தக் கிழக்குக் காற்றை நம்பி வெளியே போவது சூதாட்டம்.

இங்கே காற்று அடித்துக்கொண்டு போகும் திசையில் இருப்பது வெறும் கடலும் இல்லை, சர்வதேசக் கடல் எல்லை. 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் போட்ட கோடு விரிகுடாவின் நடுவே போகிறது, தண்ணீரில் அடையாளம் எதுவும் இல்லை. கச்சான் காலத்தில் தொண்டிப் பக்கம் பாய் விரிப்பவர் காற்று வரும் பக்கமாகவே, அதாவது கரையை ஒட்டித் தென்மேற்கே முதலில் ஏறிப் போய்விட்டு, திரும்பும்போது காற்றோடு இறங்கி வரலாம். முதலில் சுலபம், பிறகு கஷ்டம் என்ற வரிசையை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள்.

ராமேஸ்வரத்தில் இதே பருவத்தில் கூட்டல். தென்னிந்திய மலைகளுக்கும் இலங்கை மலைகளுக்கும் நடுவே நெருக்கப்பட்டு வரும் தெற்குக் காற்றோடு மன்னார்ப் பக்கத்துக் கடல்காற்றும் சேர்ந்துகொள்வதால் பகல் முழுக்கக் குறையாது. கைட்சர்ஃபிங் ஆட்கள் கோடையில் தீவின் வடகரைக்கு வருவது இதற்காகத்தான்: தெற்கே கொந்தளிப்பு, வடக்கே அதே காற்று, தட்டையான தண்ணீர். ஆனால் கரையோரப் பனை, சவுக்கு, வீடுகளின் மறைவில் காற்று விட்டுவிட்டு அடிக்கும். மறைக்கிற பொருளின் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரம் வரையாவது காற்று கலங்கியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர்ப் பனை வரிசைக்கு 100 மீட்டர். அந்த எல்லையைத் தாண்டும்போது பாய்க்கயிற்றைக் கையிலேயே வைத்திருங்கள், கட்டிப்போடாதீர்கள்.

பாம்பன் கால்வாய்ப் பக்கம் சின்னப் படகோடு போகவே வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு கடலுக்கும் நடுவே நீரோட்டம் அங்கே இறுகி ஓடும், கச்சான் காலத்தில் பெரும்பாலும் வடக்கே, வாடைக் காலத்தில் தெற்கே. நீரோட்டத்துக்கு எதிராகக் காற்று அடித்தால் அலை சுவர் மாதிரி நிற்கும். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலையே விடாமல் நிறுத்தினார்கள், இடத்தின் குணம் அதிலிருந்தே தெரியும்.

வாடைக் காலம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொண்டிக் கரையில் வாடையும் கடல்காற்றும் கூடுவதால் மதியம் பலம். விடியற்காலையில் கரைக்காற்று வாடையைக் கொஞ்சம் கழித்துவிடுவதால் ஓரளவு அமைதி. போவதானால் விடிந்ததும் போய்ப் பத்து மணிக்குள் வந்துவிடுங்கள். புயல் காலமும் இதுதான். பாம்பனில் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால், எத்தனையாம் எண் என்று ஆராயாமல் பாயைச் சுருட்டி வீட்டில் வையுங்கள்.

கண்ணால் அளப்பது, போனில் பார்ப்பது

கருவி இல்லாமல் காற்றின் வேகத்தைச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரிந்தால் எட்டு, பத்து நாட். எங்கு பார்த்தாலும் அடிக்கடி நுரை என்றால் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. கடல் முழுக்க வெள்ளை, சாரலும் பறக்கிறது என்றால் பதினேழுக்கு மேல், கற்றுக்கொள்பவருக்கு அங்கே வேலை இல்லை. காற்றின் வேகத்தை விட அதன் அழுத்தம் வேகமாக ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்: 10 நாட் 14 ஆனால் பாயில் விழும் பாரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் "கொஞ்சம்தானே கூடியிருக்கிறது" என்று நினைக்கும்போது படகு சாய்ந்துவிடுகிறது. சுருக்க வேண்டுமோ என்று தோன்றும்போதே பாயைச் சுருக்கிவிட வேண்டும். ஒன்று: கச்சான் காலத்தில் கரையோரம் நுரை தெரியாது, இந்தக் கணக்கு அங்கே பொய் சொல்லும்.

போனில் வின்டி மாதிரி செயலிகள் எல்லாரும் பார்க்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அதில் எதற்குப் பதில் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று பிரித்துப் பாருங்கள். பருவக்காற்று இந்த வாரம் பலமா, எந்தத் திசை என்பதற்கு நம்பலாம். கடல்காற்று உங்கள் கரைக்கு எத்தனை மணிக்கு வரும் என்பதற்கு அவ்வளவாக நம்ப முடியாது, இந்தச் செயலிகள் காட்டும் ஜி.எஃப்.எஸ். என்ற கணினி வானிலைக் கணிப்பில் ஒரு கட்டமே 25 கி.மீ. அளவில் இருக்கிறது, மண்டபத்து நிலத்துண்டு அந்தக் கட்டத்துக்குள் காணாமல் போய்விடும். கூடவே ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்பையும் வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையையும் பாருங்கள். அவர்கள் சொல்வது கிலோமீட்டரில், செயலி காட்டுவது நாட் கணக்கில் இருக்கலாம், குழப்பிக்கொள்ள வேண்டாம்: "மணிக்கு 45 முதல் 55 கி.மீ." என்பது 24லிருந்து 30 நாட்.

எந்தச் செயலியும் சரியாகச் சொல்லாத ஒன்று இடிமேகக் காற்று. ஏப்ரல், மேயிலும் மறுபடி ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரையிலும் மதியத்துக்குமேல் மேற்கே உள்நாட்டில் மேகம் காலிஃபிளவர் வடிவத்தில் எழும்பும். மேல்காற்று மேற்கிலிருந்து இருந்தால் அது மாலையில் கடலை நோக்கி நகரும். நீங்கள் கிழக்கே பார்த்துக் கடல்காற்றை ரசித்துக்கொண்டிருக்க, ஆபத்து முதுகுப் பக்கம் வளரும். கடல்காற்று திடீரென்று நின்றுபோனால், மேற்கே மேகத்தின் அடிவயிறு கறுத்துத் தட்டையாக இருந்தால், குளிர்ந்த மண்வாசனைக் காற்று ஒரு மூச்சு வந்து போனால், பாயைச் சுருக்குவதைப் பற்றி யோசிக்காதீர்கள், முழுவதும் இறக்குங்கள். அடுத்து வருவது சில நிமிடங்களில் முப்பது நாட் வேகத்தைத் தொடலாம், அதுவும் கரையிலிருந்து கடலுக்கு. மேற்கே இடி கேட்டாலே கரைக்கு வந்துவிடுவது என்று வைத்துக்கொண்டால் இந்தப் பத்தியே உங்களுக்குத் தேவைப்படாது.

முதல் வாரம்

படகைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன் ஒரு வாரம் கரையில் செலவழியுங்கள். விடிந்ததும், காலை பத்துக்கு, மதியம் இரண்டுக்கு, பொழுது சாயும்போது, நான்கு வேளை போதும். எந்தத் திசை, நுரை எவ்வளவு, மேகம் எங்கே, காற்று கைமாறியது எத்தனை மணிக்கு என்று நோட்டில் எழுதுங்கள், செயலி அன்று என்ன சொன்னது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். திசை பார்க்கக் காக்கை, கொடி, அடுப்புப் புகை எது வேண்டுமானாலும் ஆகும், ஆனால் தினமும் ஒரே பொருளைப் பாருங்கள். நான்காம், ஐந்தாம் நாளிலேயே உங்கள் கரைக்கென்று ஒரு நேரம் தெரிய ஆரம்பிக்கும். வலை காயப்போடும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். "ஐயா, இன்னைக்குக் காத்து எப்ப மாறும்?" என்று கேட்டால் பெரும்பாலும் முதலில் வானத்தைப் பார்ப்பார்கள், அவர்கள் பார்த்த திசையையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

பழகுவதற்கு ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பது ஒரு சௌகரியம், கடலில் நெரிசல் குறைவு. ஆனால் நாட்டுப்படகுகள் வலை போட்டிருக்கும், மிதவைகளைப் பார்த்து விலகிப் போங்கள். மே பாதிக்குமேல் கச்சான் தலைகாட்ட ஆரம்பித்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கிளம்பும் நாளில் கரையில் ஒருவரிடம் மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போங்கள்: எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள். அந்த நேரம் காற்று உச்சம் தொடுவதற்கு முன்னதாக இருக்கட்டும். சொன்ன நேரத்துக்குமேல் ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை என்றால் அவர் அழைக்க வேண்டியது கடலோரக் காவல் படை 1554, அல்லது தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இரண்டு எண்ணையும் அவர் போனில் நீங்களே பதிந்து கொடுத்துவிட்டுப் படகைத் தள்ளுங்கள்.